மேனேஜரின் சங்கிலி

அந்த நாயின் பேர் மேனேஜர். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை. பேர் வைத்தவர் ஒரு கிடங்கில் மூட்டைக் கணக்குப் பார்த்தே தலை நரைத்த மனிதர். வேலையில் இருந்த காலமெல்லாம் மேனேஜர் என்று ஒருத்தர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேனேஜர், இங்கே வா! மேனேஜர், வாயை மூடு! மேனேஜர், உனக்கு அறிவிருக்கா?" என்று பொழுது விடிந்து பொழுது போனால் ஆசை தீர அதட்டினார். அதட்டி முடித்ததும் மடியில் போட்டுக்கொண்டு காதைத் தடவிக் கொடுப்பார். நாய்க்கும் அந்த உத்தியோகம் பிடித்துத்தான் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்குக் கெட்ட காலம் பிறந்தது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன், சின்னவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா இருந்தவரை ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். அவர் கண்ணை மூடியதும் வீட்டை நடுவில் பிளந்து சுவர் எழுப்பினார்கள். சைக்கிள் ஒருவனுக்கு, சாய்வு நாற்காலி ஒருவனுக்கு. கைக்கடிகாரம் ஒருவனுக்கு, ரேடியோ ஒருவனுக்கு. எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாயை மட்டும் பிரிக்க முடியவில்லை.

"நீதானே அப்பாவுக்குச் செல்லப் பிள்ளை. அவர் நாயையும் நீயே வச்சுக்கோ" என்றான் பெரியவன்.

"கடைசி வரைக்கும் அப்பாவைப் பார்த்தது நான்தான்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறியே, அவர் நாயையும் நீயே பாரு" என்றான் சின்னவன்.

இனிமேல் 'என் நாய்' என்று எவன் சொல்கிறானோ அவன்தான் தோற்றவன் என்று ஆகிவிட்டது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லவும் இருவருக்கும் நாக்கு எழவில்லை. பெற்ற அப்பனின் நாயாயிற்றே, நாலு பேர் காறித் துப்ப மாட்டார்களா? ஆகவே இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். பின்பக்கம் கொத்தனார் எழுப்பிக்கொண்டு வந்த சுவர், நாய் கட்டியிருந்த இரும்புக் கம்பம் வரைக்கும் வந்து அப்படியே நின்றுபோயிற்று. சுவர் முடிகிற இடத்தில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியில் மேனேஜர். அதன் சங்கிலியில் அப்பாவின் பழைய சைக்கிள் பூட்டு தொங்கியது. சாவி அவனிடம் இருக்கிறது என்று இவனும், இவனிடம் இருக்கிறது என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த தையல்காரி.

ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னலோரமாக மிஷினைப் போட்டிருந்தாள். தலையை நிமிர்த்தினால் போதும், அடுத்த வீட்டுப் பின்பக்கம் முழுசாகக் கண்ணில் விழும். நாலு வீட்டுத் துணி தைக்கிறவளுக்கு நாலு வீட்டுக் கதையும் வந்து சேரும் இல்லையா? பெரியவன் பெண்டாட்டி ரவிக்கையைப் பிடிக்கக் கொண்டுவந்தால் சின்னவன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போவாள். அடுத்தாற்போல் சின்னவன் பெண்டாட்டி திரைச்சீலை மடித்துத் தைக்க வருவாள், ஓரகத்தியைப் பற்றி அவள் ஒரு பாட்டம். இரண்டு பேருக்கும் "ம்… அப்படியா" என்று ஒரே மாதிரி தலையாட்டுவாள் தையல்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பது அவள் வழக்கம். அதனால் அவள் பதில் சொல்லாததை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. யார் பக்கமும் சாயாமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

ஆனால் மேனேஜரை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் அதன் தட்டு காய்ந்தது. பிறகு விலா எலும்பு தெரிந்தது. கழுத்தில் சங்கிலி உராய்ந்த இடம் முடி கொட்டிப் புண்ணாயிற்று. வெயில் சுவரின் இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் அடித்தால் இந்தப் பக்கமுமாகச் சங்கிலி எட்டிய மட்டும் நகர்ந்து படுக்கும். குரைக்கவே குரைக்காது.

கீழே இறங்கிப் போகலாமென்றால் அந்த இடத்துக்குப் பெரியவன் வீட்டு வழியாகவோ சின்னவன் வீட்டு வழியாகவோதான் போக முடியும். எந்த வாசலில் கால் வைத்தாலும் மற்ற வாசல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஜன்னல் வழியாக ரொட்டித் துண்டுகளை வீச ஆரம்பித்தாள். இரண்டு வீட்டுக்காரர்களும் கண்ணில் படாத நேரம் பார்த்து வீசுவாள். சிலது சுவரில் பட்டு விழும், சிலது சந்தில் போய் விழும், சிலது சரியாக மேனேஜர் முன்னால் போய் விழும். தண்ணீரைத்தான் வீச முடியாதே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெட்டுத் துணிகளைச் சேர்த்துப் பந்தாகச் சுருட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு வீசினாள். பொத்தென்று விழும் அந்த ஈரப் பந்தை மேனேஜர் இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு சப்பும். சப்பி முடித்ததும் ஜன்னலைப் பார்த்து வாலை ஒரு ஆட்டு ஆட்டும். ஒரே ஒரு தடவைதான். மரியாதைக்காரர் வீட்டில் வளர்ந்த நாய்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம் கூட.

அவர் சாவி போடுகிறவர். சந்தைக்கு எதிரில் ஒரு பெரிய குடையை நட்டு, அதன் கீழே அரமும் சாவிக்கொத்துமாக உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசாத மனிதர். தொழிலில் மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு. பூட்டுக்குச் சொந்தக்காரர் முன்னால் நின்று 'இது என்னுது' என்று வாயால் சொல்ல வேண்டும், அடையாளமும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பூட்டில் கை வைப்பார். ஒரு தடவை பட்டுச் சட்டை போட்ட ஒரு ஆள் காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு அலமாரியைத் திறக்கச் சொன்னான். "உள்ளே மேல் தட்டுல என்ன இருக்குங்க?" என்று இவர் கேட்டார். அவன் மென்று முழுங்கினான். இவர் பெட்டியை மூடிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தே வந்துவிட்டார். அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொண்டதும் இல்லை. 'கால் வலிக்குது, வெந்நீர் வை' என்று மட்டும் சொன்னார்.

இப்படி இருக்கும்போது நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் பஸ் கண்டக்டர். நின்று நின்றே முழங்கால் வீங்கிப்போய், கொஞ்ச நாள் காலை நீட்டி உட்காரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டில் வந்து நீட்டினாள். அவள் குரல் இருக்கிறதே, முன் வாசலில் நின்று பேசினால் பின் சீட்டில் தூங்குகிறவன் சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான். கண்ணும் அப்படித்தான். ஒரு பஸ் நிறைய ஜனத்தில் டிக்கெட் எடுக்காத முகம் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு அறைக்குள் சும்மா உட்கார முடியுமா?

"என்ன அண்ணி, ஜன்னல்ல போய் நின்னுட்டே? மிஷின் தானா ஓடுமா?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"வெளிச்சத்துக்கு ரொட்டி போடறியாக்கும்?"

நாத்தனார் நொண்டிக்கொண்டே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கே பெரியவன் பெண்டாட்டி வந்தாள். அளவு ரவிக்கையை மேஜை மேல் போட்டதும் போடாததுமாக, "கேட்டீங்களாக்கா? சின்னவர் வீட்டு மகராசி யாருக்கும் தெரியாம நாய்க்கு ரொட்டி போடறா. துணுக்கு கிடக்கறதை என் கண்ணால பார்த்தேன். போடட்டும், போடட்டும். அப்போ நாய் அவங்களுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? நாங்க எதுக்கு நடுவுல?" என்றாள்.

தையல்காரி குண்டூசிகளோடு "ம்" என்றாள்.

அடுத்த நாள் சின்னவன் பெண்டாட்டி. "அக்கா, ஒரு கூத்து கேளுங்க. பெரியவர் வீட்டுல ரகசியமா நாய்க்குத் தீனி நடக்குது. துணிப் பந்தெல்லாம் போட்டு விளையாட்டு வேற! அதுதான் நாங்க அந்தப் பக்கமே போறதில்ல. நாம போட்டா அவங்க கிண்டல் பண்ணுவாங்க."

அதற்கும் ஒரு "ம்".

இதுபோல முன்னேயும் கேட்டிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம், நல்லவேளை நம் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது. சின்னவன் பெண்டாட்டி படியிறங்கிப் போன சத்தம் ஓய்ந்ததும் நாத்தனார் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இங்கே வந்து உட்காரு. வாயில இருக்கற ஊசியை எடு."

எடுத்தாள்.

"அவ போடறான்னு இவ நினைக்கிறா. இவ போடறான்னு அவ நினைக்கிறா. ரெண்டு வீட்டுலயும் நிம்மதியாத் தூங்கறாங்க. யாரு போட்ட ரொட்டியால?"

தையல்காரி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை நாளாக மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்! துணுக்கு கிடந்ததைப் பார்த்தாளே தவிர, அந்தத் துணுக்கு அந்த இரண்டு வீட்டிலும் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவில்லையே!

"அப்போ நான்தான் அதைச் சாகடிக்கிறேனா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"அட, போ அண்ணி! நீ போடலைன்னா அது எப்பவோ போயிருக்கும். அதுவும் நிஜம். நீ போட்டதால அவனுங்களுக்கு மனசாட்சி உறுத்தலை. இதுவும் நிஜம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கோ. அழறதுன்னா அழுது முடி, யோசிக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டதே என்று தவிக்கிற பயணியிடம், 'பரவாயில்லம்மா, அடுத்த ஸ்டாப்ல இறங்கி எதிர்ல போற வண்டியைப் பிடி' என்று சொல்கிற மாதிரி இருந்தது. தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப் பட்டென்று உண்மையைச் சொல்லவும், சொன்ன கையோடு தோளில் கை வைக்கவும் தெரிந்த ஒரு பொம்பளையை இத்தனை நாள் வாயாடி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

அன்று பிற்பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. ஈரத் துணிப் பந்து நன்றாகக் குறி பார்த்ததுபோல மேனேஜரின் மூக்குக்கு முன்னாலேயே போய் விழுந்தது. அது எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் பந்தின் பக்கம் நகர்ந்தது. இன்னொன்று வீசினாள். கண்ணும் நகரவில்லை. வயிறு ஏறி இறங்குவது தெரிகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெரிந்தது. ஆனால் அது அதிக நாள் தாங்காது என்று பார்க்கிற யாருக்கும் புரியும்.

சாவிக்காரர் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போதே தையல்காரி எதிரில் போய் நின்றாள். "அந்த நாயோட பூட்டை நீங்க திறந்துவிடணும்."

"யாருது பூட்டு?"

"அதுதான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே!"

"அப்போ நான் எப்படித் தொடுவேன்?"

"ஒரு உயிருங்க!"

அவர் துண்டால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நல்லதுக்குன்னு சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஒரு பூட்டை அப்படித் திறந்தேன்னு வை, அப்புறம் எந்தப் பூட்டுக்கும் என்கிட்ட பதில் இருக்காது."

நாத்தனார் குறுக்கே பாய்வாள் என்று தையல்காரி எதிர்பார்த்தாள். அவள் பாயவில்லை. "அண்ணன் சொல்றது சரிதான்" என்றாள். "டிக்கெட் இல்லாம என் அப்பனே வந்தாலும் நானும் ஏத்த மாட்டேன். யாராவது 'என்னுது'ன்னு சொன்னா திறப்பியா அண்ணா?"

"சொல்லி, அடையாளமும் சொன்னா திறப்பேன்."

"போதும். காலையில பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடாதே. கொஞ்சம் இரு."

மறுநாள் காலை, பெரியவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கிற நேரம். சின்னவன் வேனைக் கழுவக் குழாயைத் திருகுகிற நேரம். நாத்தனார் ஜன்னலைத் திறந்தாள், இடுப்புப் பையிலிருந்து விசிலை எடுத்தாள், ஊதினாள் பாருங்கள் ஒரு ஊதல்! தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரன் ஒருவன் காலை ஊன்றி நின்றுவிட்டான். பெரியவன் வாய் நிறைய நுரையோடு பின்பக்கம் ஓடி வந்தான். சின்னவன் கையில் ரப்பர் குழாயோடு ஓடி வந்தான். ஆளுக்கொரு கதவில் ஆளுக்கொரு பெண்டாட்டி.

"என்னம்மா, தீ கீ பிடிச்சுடுச்சா?" என்று கத்தினான் பெரியவன்.

"அதெல்லாம் இல்ல. ஒரு கேள்விதான். பஸ்ஸில கேட்பாரில்லாத மூட்டை கிடந்தா நான் மூணு தடவை கேட்பேன். மூணு தடவையும் யாரும் வாயைத் திறக்கலைன்னா, அப்புறம் யாரு 'என்னுது'ன்னு சொன்னாலும் எடுத்துக்கலாம். அதுதான் என் வழக்கம்." விசிலைக் கீழே விட்டாள். "இந்த நாய் யாருது?"

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். "இது எங்க வீட்டு விஷயம்க்கா. நாங்க பார்த்துக்கறோம்."

"எந்த வீட்டு விஷயம்? சுவருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவன் நுரையைத் துப்பிவிட்டு, "அதுக்கு அவங்க வேளாவேளைக்குப் போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க" என்றான், தம்பி பக்கம் பார்க்காமல்.

"நாங்களா? நீங்கதானே போடறீங்க!" என்று சின்னவன் பெண்டாட்டி பாய்ந்தாள்.

"ஐயோ, நான் அந்தத் தட்டைத் தொட்டே மாசக்கணக்காச்சு!" என்று பெரியவன் பெண்டாட்டி வாய் தவறிச் சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு பேரும் முதல் தடவையாகத் தட்டைப் பார்த்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்ததையும் பார்த்தார்கள்.

"ரெண்டாம் தடவை கேட்கறேன். இந்த நாய் யாருது?"

ஜன்னலுக்கு ஓரமாக மறைவில் நின்றிருந்த தையல்காரி இன்னும் பின்னால் ஒதுங்கினாள். இப்போது சொல்லப்போகிறாள், ரொட்டி போட்டது எங்க அண்ணிதான் என்று போட்டு உடைக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் இவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலிக்கிற காலை மாற்றி வைத்துக்கொண்டு, ஜன்னலில் தன் உடம்பைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னொரு ஆள் வந்து நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். அவ்வளவுதான். நெரிசலில் ஒருத்தருக்கு இடம் பண்ணிக் கொடுப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே.

"மூணாம் தடவை. இந்த நாய் யாருது?"

பெரியவன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இரண்டு பேர் உதடும் அசைந்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை.

"என்னுது."

யார் சொன்னது என்று தையல்காரிக்கே முதலில் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைத் தன் கை பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சே. சத்தமா, சத்தமா!" என்றாள் நாத்தனார், பின் சீட்டுப் பயணியிடம் கேட்கிற குரலில்.

"என்னுது!" என்றாள் தையல்காரி. இத்தனை காலம் குண்டூசிகளுக்குப் பின்னால் இருந்த குரல் அந்தப் பின்பக்கம் முழுக்க ஒலித்தது. "ரொட்டி போட்டது நான்தான். ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டேன். உங்க ரெண்டு வீட்டுக்கும் பயந்துக்கிட்டுப் போட்டேன். இனிமே பயப்படப் போறதில்ல. அது என் நாய்."

நாத்தனார் கையைத் தூக்கினாள். "கேட்டாச்சு, சொல்லியாச்சு. அண்ணா, பெட்டியை எடு. நீ அந்த வாசல் வழியாப் போ. அண்ணி, நீ இந்த வாசல் வழியாப் போ. அப்போ எந்த வாசலுக்கும் கோபம் வராது. தண்ணியை எடுத்துக்க மறந்துடாதே!"

பெரியவன் வீட்டுக்குள் ஒரு குண்டானில் தண்ணீரோடு தையல்காரி நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. சின்னவன் வீட்டு வழியாகச் சாவிக்காரர் வந்தார். சுவர் முடிகிற இடத்தில் இருவரும் எதிரெதிராக வந்து நின்றார்கள். நடுவில் மேனேஜர். தையல்காரி உட்காரப் போனாள். அவர் கையால் நிறுத்தினார். கட்டின பெண்டாட்டியை, குடைக்குக் கீழே வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பூட்டு உங்களுதாம்மா?"

"பூட்டு இல்ல. பூட்டுக்குள்ள இருக்கறது என்னுது."

"அடையாளம் சொல்லுங்க."

அவள் மேனேஜரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இடது காதுல நுனி கிழிஞ்சிருக்கும். கழுத்துல வலது பக்கம் புண்ணு, சங்கிலியோட மூணாவது வளையம் படற இடம். நல்ல வெயில்ல தட்டுல தாடையை வச்சுக்கிட்டுத் தூங்கும், தட்டு சில்லுனு இருக்கும்னு. இடி இடிச்சா கம்பத்தைச் சுத்திச் சுத்தி வரும், சங்கிலி முழுக்கச் சுத்திக்கும், அப்புறம் தானே எதிர்ப்பக்கமாச் சுத்திப் பிரிச்சுக்கும். அதுக்கு அது தெரியும். வேன் வர்ற சத்தம் கேட்டா அந்தக் கதவைப் பார்க்கும். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போற வண்டி வர்ற சத்தம் கேட்டா இந்தக் கதவைப் பார்க்கும். ஒரு நாளும் பார்க்காம இருந்ததில்ல."

கடைசியில் சொன்னதை அவள் யாரையும் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அடையாளம் கேட்டார், சொன்னாள். ஆனால் சின்னவன் கையிலிருந்த குழாய் தரையில் விழுந்து தண்ணீர் தானாக ஓடியது. பெரியவன் சுவரில் கை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

சாவிக்காரர், "சரிங்க" என்றார். மண்டி போட்டு உட்கார்ந்தார். துருப்பிடித்த பூட்டுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். வளைந்த கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதால் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். புண்ணில் சங்கிலி உராயாமல் இருக்கத் தன் சுண்டு விரலை நடுவில் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தார். தையல்காரி அதைக் கவனித்தாள். இந்த மனிதர் முதல் நாளே வந்து பூட்டை உடைத்திருந்தால்கூட, இன்றைக்கு அவர் மேல் வந்த மதிப்பு வந்திருக்காது என்று நினைத்தாள். பூட்டு கிளுக்கென்று வாயைத் திறந்தது.

மேனேஜர் எழுந்திருக்கவில்லை. தையல்காரி கையைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயருகில் கொண்டுபோனாள். அவளை அது இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மூக்கு அவள் விரல்களை முகர்ந்தது, மணிக்கட்டு வரை முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கியது. கை நிறையத் தண்ணீர், அது தீர்ந்ததும் இன்னொரு கை நிறைய.

"இப்படியே மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்று சாவிக்காரர் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் பெரிய நாய். அந்த மாடிப்படியோ குறுகலானது.

"விடுங்கண்ணே" என்று பெரியவன் முன்னால் வந்தான். முன்பக்கம் கை கொடுத்துத் தூக்கினான். பின்னங்கால்கள் தொங்கின. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சின்னவன் தானாக வந்து பின்பக்கத்தைத் தாங்கினான்.

அந்தப் படியில் அவர்கள் ஏறினது ஒரு பெரிய ஊர்வலம். முன்னால் பெரியவன் பின்னோக்கிப் படியேறினான். பின்னால் சின்னவன் தோளில் பாரம் வாங்கிக்கொண்டு ஏறினான்.

"பார்த்து."

"நீ பாரு. உனக்குப் பின்னாலதான் படி."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

வீடு பிரிந்த பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். பெரிதாக எதுவும் இல்லை, ஆனாலும் பின்னால் ஏறிய தையல்காரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். மிஷினுக்குப் பக்கத்தில் விரித்திருந்த பழைய போர்வையில் மேனேஜரைக் கிடத்தினார்கள். இருவருக்கும் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரியவன் அதன் நெற்றியில் ஒரு தடவை விரலால் தொட்டான். "அக்கா, நாங்க வந்து பார்க்கலாமா?" என்று சின்னவன்தான் கேட்டான்.

"வாங்க. கதவு திறந்துதான் இருக்கும். ஆனா அது என் நாய்" என்றாள் தையல்காரி.

"சரிக்கா" என்றான். இரண்டு பேரும் இறங்கிப்போய் அவரவர் வாசலுக்குள் நுழைந்துகொண்டார்கள்.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து தடவி, "தப்பிச்சுக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஆகாரம் கொடுங்க" என்று சொல்லிப் போனார். நாள் முழுக்க மேனேஜர் தூங்கியது. தையல்காரி மிஷினை மிதிக்கவே இல்லை. கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு விழித்துக்கொள்ளுமே என்று. நாத்தனார் முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு நாயையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ இன்னிக்குப் போட்ட சத்தத்துக்கு உனக்கே ஒரு பஸ்ஸு கொடுக்கலாம் அண்ணி."

"சும்மா இரு. எனக்கு இன்னும் கை நடுங்குது."

"கை நடுங்கட்டும். வாய் நடுங்கலையே!"

"நீ ஏன் என் பேரைச் சொல்லலை?" என்று கேட்டாள் தையல்காரி. காலையிலிருந்து கேட்க நினைத்தது.

நாத்தனார் தோளைக் குலுக்கினாள். "நான் சொல்லியிருந்தா அது என் நாயா ஆகியிருக்கும்" என்றாள்.

சாயங்காலம் படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பெரியவன் பெண்டாட்டியின் தலை தெரிந்தது. கையில் மெத்தென்று ஒரு பழைய கம்பளி. உள்ளே வராமல் நிலைப்படியில் வைத்துவிட்டு, நாயைப் பார்த்தாள், தையல்காரியைப் பார்த்தாள், விடுவிடென்று இறங்கினாள். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. கீழேயிருந்து இன்னொரு காலடி ஏறி வந்து, அதுவும் நின்றது. சின்னவன் பெண்டாட்டியின் வளையல் சத்தம். அவள் கையில் இருந்த கிண்ணத்தின் மூடி கிணுகிணுத்தது.

அந்தப் படியில் ஒரு ஆள்தான் போகலாம். ஒருத்தி ஒதுங்கினால்தான் இன்னொருத்திக்கு வழி.

"அண்ணி" என்று நாத்தனார் குசுகுசுத்தாள், கை இடுப்புப் பைக்குப் போயிற்று. "ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. ஊதவா?"

"வேண்டாம். அவங்களே பார்த்துக்கட்டும்" என்றாள் தையல்காரி.

எட்டிப் பார்க்க வேண்டும்போல் அவளுக்குக் கொஞ்சம் கூடத் தோன்றவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து குண்டானில் புதுத் தண்ணீர் நிரப்பினாள். அதை வேண்டுமென்றே போர்வைக்குப் பக்கத்தில் வைக்காமல், நாலு அடி தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேனேஜர் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை ஊன்றிப் பார்த்தது, சறுக்கியது, மறுபடி ஊன்றியது. இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லையா என்று கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டது. பிறகு நகம் தரையில் டக் டக்கென்று கேட்க, தள்ளாடித் தள்ளாடி, குண்டான் வரைக்கும் தானே நடந்து போயிற்று.